சென்னையில் உருவாகுது ஹைட்ரஜன் வண்டி... சென்னையில் ஓடுமா?

2025 ஜூலை 25. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், இந்தியாவின் முதல் ஹைட்ரஜன் ரயிலுக்கான பவர் கார் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். தலைக்கு மேல் மின்கம்பி வேண்டாம், டீசல் புகையும் கிடையாது என்பதால் அந்தச் செய்தி அன்று வாட்ஸ்அப் குரூப்களில் வேகமாகச் சுற்றியது.

ரயில் மட்டுமல்ல. கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போகும் சர்தார் படேல் சாலையின் ஒரு முனையில் அசோக் லேலண்ட் தலைமை அலுவலகம் இருக்கிறது. லடாக்கில் ஓடும் ஹைட்ரஜன் பஸ்களைச் செய்த நிறுவனம் அது. அதே சாலையில் சற்றுத் தள்ளி ஐ.ஐ.டி. மெட்ராஸ் வாசல். தரமணிப் பக்கம் திரும்பினால் ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க். மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் ஃப்யூயல் செல் மையம் அங்கேதான் இயங்குகிறது.

இத்தனையும் நம்ம ஊரில் இருக்கிறது. ஆனால் லஸ் கார்னரிலோ, பனகல் பார்க்கிலோ, அடையாறு டிப்போவிலோ ஒரு ஹைட்ரஜன் பஸ்கூட கண்ணில் படவில்லை. ஏன்? எப்போது வரும்? வந்தால் நல்லதா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இட்லித் தட்டு போல ஓர் அடுக்கு

ஹைட்ரஜன் பஸ் என்றதும் பெட்ரோல், டீசலுக்குப் பதிலாக ஹைட்ரஜனை எரிக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் ஒரு வகை உண்டு; அதைப் பின்னால் பார்ப்போம். ஃப்யூயல் செல் வண்டியில் எதுவும் எரிவதில்லை. அது அடிப்படையில் ஒரு மின்சார வண்டி. மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்த மோட்டாருக்கு வேண்டிய கரன்ட் வண்டியிலேயே தயாராகிறது என்பதுதான் வித்தியாசம்.

எப்படித் தயாராகிறது? மெல்லிய ஒரு ஜவ்வு. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று. ஜவ்வின் இரு புறமும் பிளாட்டினம் தூவிய பூச்சு. பிளாட்டினத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணு புரோட்டான், எலெக்ட்ரான் என்று பிரிகிறது. புரோட்டான் ஜவ்வைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். எலெக்ட்ரானுக்கு அந்த வழி அடைப்பு. அது வெளியே ஒயர் வழியாகச் சுற்றித்தான் போயாக வேண்டும். அந்த ஓட்டம்தான் கரன்ட். அந்தப் பக்கம் எல்லாம் ஒன்றுசேர்ந்து, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு கலந்து தண்ணீராகிறது. புகைக்குழாயில் வருவது நீராவி மட்டுமே.

வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ்காரர் 1839-லேயே இந்தத் தத்துவத்தைச் செய்து காட்டிவிட்டார். சிக்கல் என்னவென்றால், வேலை செய்யும்போது ஒரு செல் கொடுப்பது 0.6, 0.7 வோல்ட்தான். டார்ச் பேட்டரியில் பாதிகூட இல்லை. அதனால் இட்லித் தட்டுகளை அடுக்குவது போல நூற்றுக்கணக்கான செல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இதற்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். ஒரு பஸ்ஸை, லாரியை இழுக்கும் சக்தி இந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது.

கிண்டி வேன் முதல் லே பஸ் வரை

சென்னைக்கு இது புது விஷயம் இல்லை. 1990-களிலேயே கிண்டியில் இருந்த ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷன் ஃப்யூயல் செல் ஆய்வில் இறங்கியது. ஃப்யூயல் செல்லும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஒரு வேனையும் உருவாக்கிக் காட்டியது. இப்போது தரமணியில் ஏ.ஆர்.சி.ஐ. மையம் அந்தத் துறையில் வேலை செய்கிறது. 2024 ஜனவரியில் நடந்த தமிழ்நாடு உலக முதலீட்டாளர் மாநாட்டில், ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைப்பதாக ஹூண்டாய் அறிவித்தது.

ஆய்வகத்தை விட்டுச் சாலைக்கு வந்த கதை லடாக்கில் நடந்தது. என்.டி.பி.சி. நிறுவனத்துக்காக அசோக் லேலண்ட் செய்த ஃப்யூயல் செல் பஸ் 2023 ஆகஸ்டில் லே நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரம். பக்கத்திலேயே 1.7 மெகாவாட் சோலார் நிலையம். அந்தக் கரன்ட்டைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, நாளொன்றுக்கு 80 கிலோ ஹைட்ரஜன் தயாரிக்கும் ஏற்பாடு. ஐந்து பஸ்கள்.

லாரிகளுக்கும் சோதனை நடக்கிறது. 2023 ஜனவரியில் அதானி, அசோக் லேலண்ட், கனடாவின் பல்லார்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுரங்க வேலைக்கு ஃப்யூயல் செல் லாரி செய்வதாக அறிவித்தன. 2025 மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் ராய்கர் பக்கம், 40 டன் சரக்கை 200 கி.மீ. வரை இழுக்கும் ஹைட்ரஜன் லாரியை அதானி நிறுவனம் நிலக்கரி ஏற்ற இறக்கியது. 2025 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ் 16 லாரிகளை மும்பை, புனே, டெல்லி, சூரத், ஜாம்ஷெட்பூர் பகுதிகளில் சோதனைக்கு விட்டது.

அதே மார்ச்சில் மத்திய அரசு, தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் கீழ் 37 பஸ், லாரிகளுக்கு அனுமதி கொடுத்தது. சுமார் 208 கோடி ரூபாய் உதவி, 9 நிரப்பும் நிலையங்கள், 10 வழித்தடங்கள். டெல்லி–ஆக்ரா, புவனேஸ்வர்–பூரி, திருவனந்தபுரம்–கொச்சி, விசாகப்பட்டினம் என்று போகிறது பட்டியல். அதில் தமிழ்நாட்டு வழித்தடம் ஒன்றுகூட இல்லை.

‘வண்டி செய்வது நாம், ஓட்டுவது அவர்களா?’ என்று கோபப்படுவதற்கு முன்னால், சோதனையில் எதைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

கத்திரி வெயிலும் தி.நகர் டிராஃபிக்கும்

வண்டி ஓடுமா என்பது இன்று கேள்வியே இல்லை. எத்தனை காலம் ஓடும், எந்த ஊரில் ஓடும், என்ன செலவில் ஓடும் என்பதற்குத்தான் சோதனை.

முதல் எதிரி வெயில். ஃப்யூயல் செல் தனக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதியைக் கரன்ட் ஆக்கும், மீதி சூடாகிவிடும். டீசல் என்ஜினிலும் சூடு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கொதிக்கும் புகையோடு வெளியே போய்விடும். ஃப்யூயல் செல்லில் வெளியே வருவது வெதுவெதுப்பான நீராவிதான். மிச்சச் சூடு முழுவதையும் ரேடியேட்டர்தான் தள்ள வேண்டும். அதுவும் ஸ்டாக் 70, 80 டிகிரியிலேயே இருந்தாக வேண்டும், அதற்கு மேல் போனால் ஜவ்வு காய்ந்துவிடும். வெளியே கத்திரி வெயில் 40 டிகிரி அடிக்கும்போது, 75 டிகிரி தண்ணீரைக் குளிரவைப்பது எத்தனை கஷ்டம்? அதனால் ஃப்யூயல் செல் லாரிகளுக்கு டீசல் லாரியைவிடப் பெரிய ரேடியேட்டரும் ஃபேனும் தேவைப்படுகின்றன. லே பஸ்ஸுக்கு இருக்கும் பிரச்னை இதற்கு நேர் எதிர். உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்துபோகக் கூடாது, மெல்லிய காற்றில் போதுமான ஆக்சிஜன் கிடைக்க கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். லேயில் பாஸான வண்டி சென்னையிலும் பாஸாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, டிராஃபிக். ஒரே வேகத்தில் போவது ஃப்யூயல் செல்லுக்குப் பிடிக்கும். நின்று, கிளம்பி, மறுபடி நின்று, அரை நிமிடம் ஐட்லிங்கில் கிடந்து கிளம்புவது பிடிக்காது. அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும்போது பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சனிக்கிழமை சாயங்காலம் பனகல் பார்க்கைச் சுற்றி வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இதற்காகவே எல்லா ஹைட்ரஜன் வண்டியிலும் ஒரு பேட்டரியும் உண்டு. ஃப்யூயல் செல் நிதானமாகக் கரன்ட் கொடுத்துக்கொண்டிருக்கும், கிளம்பும்போதும் மேம்பாலம் ஏறும்போதும் தேவைப்படும் கூடுதல் சக்தியைப் பேட்டரி கொடுக்கும். பிரேக் போடும்போது கிடைக்கும் சக்தியும் பேட்டரிக்குப் போகும்.

மூன்றாவது, காற்று. ஃப்யூயல் செல் மூச்சு விடுவது நாம் விடும் அதே காற்றைத்தான். வண்டிப் புகையில் உள்ள கந்தக, நைட்ரஜன் வாயுக்களும், பெசன்ட் நகர் கடற்கரைக் காற்றில் வரும் உப்பும் பிளாட்டினத்தைக் கெடுக்கும். அதனால் உள்ளே இழுக்கும் காற்றை ஃபில்டர் போட்டுச் சுத்தம் செய்தே அனுப்புகிறார்கள். எரிபொருளான ஹைட்ரஜனும் 99.97 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும்.

நான்காவது, ஆயுள். நெடுந்தூர லாரிகளுக்கான ஃப்யூயல் செல் 2030-க்குள் 25,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை இலக்கு வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால், கிட்டத்தட்ட ஏழு வருடம். டீசல் லாரி வாங்கும் முதலாளி அதைவிடக் குறைவான ஆயுளுக்குச் சம்மதிக்க மாட்டார்.

வெடிச்சுடாதே?

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

பஸ், லாரிகளில் ஹைட்ரஜனை வழக்கமாக 350 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். பஞ்சர் கடைக் கணக்கில் சொன்னால், கார் டயருக்கு 30, 32 பாயின்ட் காற்று வைக்கிறோம். இது 5,000 பாயின்ட். சாதாரண இரும்பு சிலிண்டரில் அடைத்தால் வண்டி எடை தாங்காது. அதனால் கார்பன் ஃபைபர் சுற்றிய டேங்குகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த டேங்க், தான் வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கையாவது தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கீழே போட்டுப் பார்க்கிறார்கள். தீயில் வைத்தும் பார்க்கிறார்கள். சூடு அளவு மீறினால் ஒரு வால்வு தானே திறந்து, டேங்க் வெடிப்பதற்கு முன்பே வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே ஏ.ஐ.எஸ். 157 என்ற தரவிதி 2020-ல் வந்தது.

ஹைட்ரஜனிடம் ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. மிக லேசான வாயு என்பதால் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். சமையல் காஸ் போலத் தரையோடு தங்காது. ஆனால் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், பகலில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. அதனால் திறந்த வெளியில் ஓடும் பஸ்ஸைவிட, மூடிய ஒர்க் ஷாப்தான் ஆபத்தான இடம். கூரையில் சென்ஸார், காற்று வெளியேறும் வழி இல்லாத பழைய டிப்போவில் ஹைட்ரஜன் பஸ்ஸை நிறுத்தவே முடியாது.

நார்வே தலைநகர் ஆஸ்லோ அருகே 2019 ஜூனில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. காரணம், உயர் அழுத்த டேங்கில் சில போல்ட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள். இந்தத் தொழில்நுட்பத்தில் பாதுகாப்பு என்பது விஞ்ஞானி கையில் மட்டும் இல்லை, ஸ்பேனர் பிடிக்கும் மெக்கானிக் கையிலும் இருக்கிறது.

ஒரு கரன்ட் பில் கணக்கு

இப்போது காசு விஷயம். ஹைட்ரஜன் மண்ணில் தோண்டி எடுக்கும் டீசல் மாதிரி அல்ல. யாராவது அதைத் தயாரிக்க வேண்டும். இந்தியாவில் இன்று பயன்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதைத் தயாரிக்கும்போது கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. அதை ஊற்றி பஸ் ஓட்டினால், புகை தி.நகரில் வராது, தொழிற்சாலையில் வரும், அவ்வளவுதான். சோலார், காற்றாலைக் கரன்ட்டைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால்தான் அது ‘பசுமை ஹைட்ரஜன்’.

அப்படி ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட் கரன்ட் வேண்டும். அந்த ஒரு கிலோவில் ஒரு பெரிய பஸ் சுமார் 12 கி.மீ. போகும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டை ஹைட்ரஜனாக்கி பஸ்ஸில் ஊற்றினால், மயிலாப்பூரில் கிளம்பி ஏறக்குறைய தாம்பரம் போய்ச் சேரலாம். அதே 100 யூனிட்டை நேராகப் பேட்டரி பஸ்ஸில் சார்ஜ் போட்டால்? கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட்தான் செலவு. மயிலாப்பூரில் கிளம்பி காஞ்சிபுரம் வரைகூடப் போய்விடலாம்.

அதாவது அதே தூரத்துக்கு ஹைட்ரஜன் மூன்று மடங்கு கரன்ட் கேட்கிறது. கரன்ட்டை ஹைட்ரஜனாக்குவதில் கொஞ்சம், அழுத்தி அடைப்பதில் கொஞ்சம், மறுபடி கரன்ட் ஆக்குவதில் பாதி என்று வழியெல்லாம் சிந்திக்கொண்டே வருகிறது. இயற்பியல் விதி என்பதால் இந்த இழப்பைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

ரூபாயில் பார்த்தாலும் அப்படித்தான். பானிப்பட் சுத்திகரிப்பு ஆலைக்காக இந்தியன் ஆயில் நடத்திய டெண்டரில் பசுமை ஹைட்ரஜன் விலை கிலோ 397 ரூபாய் என்று வந்தது. அதுவும் ஆலைக்குப் பக்கத்திலேயே தயாரித்து, குழாயில் கொடுக்கும் விலை. 12 கி.மீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 33 ரூபாய். அழுத்தி, லாரியில் ஏற்றி, பங்கில் நிரப்பும் செலவு தனி.

மாநகரப் போக்குவரத்துக் கழகம் இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். ஒவ்வொரு கிலோமீட்டர் செலவும் கடைசியில் அரசுப் பணம், நம் வரிப்பணம். 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரத் தாழ்தள பஸ்களும், அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து ஏசி மின்சார பஸ்களும் கிளம்பியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நகர பஸ் ஒரு நாளைக்கு ஓடும் தூரம் தெரிந்ததுதான், இரவில் டிப்போவுக்கு வந்தாக வேண்டும், சார்ஜ் போட நேரம் இருக்கிறது. அதற்கு ஹைட்ரஜன் எதற்கு?

தண்ணீருக்கு எங்கே போவது?

2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. தண்ணீரைப் பிரித்து எரிபொருள் என்றால் பயம் வருவது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டால் பயம் குறைகிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு அடிப்படையில் 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். சுத்திகரிப்பில் போவது, குளிரவைப்பதற்கு ஆவது எல்லாம் சேர்த்து 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 பஸ்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 200 கி.மீ. ஓடினால் தேவை சுமார் 1,700 கிலோ ஹைட்ரஜன், அதாவது 34,000 லிட்டர் தண்ணீர். 9,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி நான்கு. ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் வளாகம் கோடையில் வாங்கும் அளவுதான். தண்ணீரைவிடப் பல மடங்கு பெரிய பிரச்னை கரன்ட்.

வெளிநாடுகள் கற்ற பாடம்

பிரான்ஸின் மோன்பெல்லியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்கள் வாங்கத் திட்டமிட்டு, 2022 தொடக்கத்தில் கைவிட்டது. ஹைட்ரஜனில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 95 சென்ட், பேட்டரியில் 15 சென்ட் என்று கணக்கு வந்தது. ஆறு மடங்கு.

உலகின் முதல் ஹைட்ரஜன் பயணிகள் ரயில் 2018-ல் ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில் ஓடியது. 2022 ஆகஸ்டில் அந்தப் பாதைக்கு 14 ரயில்கள். அடுத்த ஆண்டே, இனி வாங்கப்போவது பேட்டரி ரயில்கள்தான் என்று அந்த மாநிலம் சொல்லிவிட்டது. ரயில் ஓடாமல் போனதால் அல்ல, இயக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதால்.

மாறாக, சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஹூண்டாயின் ஹைட்ரஜன் லாரிகள் ஓடுகின்றன. 2024-க்குள் மொத்தமாக ஒரு கோடி கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. அங்கே நீர்மின் நிலையத்துக் கரன்ட்டில் ஹைட்ரஜன் தயாரித்தார்கள். புகையில்லா லாரிக்குச் சாலை வரி விலக்கு இருந்தது. லாரியை வாங்காமல், ஓட்டிய கிலோமீட்டருக்கு வாடகை கொடுக்கும் ஏற்பாடும் செய்தார்கள். வண்டி, பங்க், வாடிக்கையாளர் மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்ததால் அது நின்றது.

அப்படியானால் யாருக்கு ஹைட்ரஜன்?

எடை அதிகம், தூரம் அதிகம், நிறுத்தி சார்ஜ் போட நேரம் இல்லை என்கிற வண்டிகளுக்கு. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக பெங்களூரு தாண்டிப் போகும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ. போகப் பேட்டரி மட்டுமே நான்கு டன் எடை வரலாம். அந்த நான்கு டன் சரக்கு நஷ்டம். ஹைட்ரஜன் என்றால் டேங்குகளின் எடை ஒரு டன்னுக்குள் அடங்கும், நிரப்பக் கால் மணி நேரம், இருபது நிமிடம் போதும். சுரங்கம், துறைமுகம் போல ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் வண்டிகளுக்கு ஒரு பங்க் இருந்தாலே போதும். அதனால்தான் சோதனைகள் அங்கே தொடங்கியிருக்கின்றன. ஆனால் பேட்டரியும் சும்மா இருக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு எடை குறைந்து, சார்ஜ் வேகம் கூடி, ஹைட்ரஜனின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வருகிறது.

ரயிலிலும் இதே கேள்விதான். ஐ.சி.எஃப். ரயிலில் 1,200 கிலோவாட் பவர் கார்கள் இரண்டு, பயணிகள் பெட்டி எட்டு. முதலில் ஓடவிருப்பது ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் இடையே 89 கி.மீ. பாதை. இந்தியாவில் பிராட்கேஜ் பாதைகளில் 99 சதவீதத்துக்கு மேல் மின்கம்பி போட்டாகிவிட்டது. கம்பி இருக்கும் இடத்தில் ஹைட்ரஜனுக்கு வேலை குறைவு. கம்பி போட முடியாத, போட்டால் அழகு கெடும் மலைப்பாதைகளில்தான் அதற்கு அர்த்தம் உண்டு. ரயில்வே அறிவித்த பாரம்பரியப் பாதைகளின் பட்டியலில் நம்ம நீலகிரி மலை ரயிலும் இருக்கிறது. ரயில் ஒன்றுக்கு 80 கோடி, பாதை ஒன்றுக்குக் கட்டமைப்பு 70 கோடி என்பது ரயில்வே சொன்ன மதிப்பீடு.

புதுப்பேட்டைக்கு வேலை இருக்குமா?

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஆட்கள், பாடியிலும் அம்பத்தூரிலும் பிஸ்டன், வால்வு, இன்ஜெக்டர் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்கள். டீசல் என்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் டிப்போ மெக்கானிக்குகள். பழைய உதிரிபாகத்துக்குப் பேர்போன புதுப்பேட்டைக் கடைக்காரர்கள். ஃப்யூயல் செல் வண்டியில் பிஸ்டனும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை.

முன்பு சொன்ன இன்னொரு வகை இங்கேதான் வருகிறது. ஹைட்ரஜனை நேராக எரிக்கும் என்ஜின். ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் சேர்ந்து செய்த அப்படியொரு லாரி 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் காட்டப்பட்டது. திறன் ஃப்யூயல் செல்லைவிடக் குறைவு, கொஞ்சம் நைட்ரஜன் வாயுவும் வரும். ஆனால் பிளாட்டினம் வேண்டாம், விலை குறைவு, என்ஜின் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்நியமாகவும் இருக்காது. மத்திய அரசு அனுமதித்த 37 வண்டிகளில் 15தான் ஃப்யூயல் செல், மீதி 22 இந்த என்ஜின் வகை.

எது ஜெயித்தாலும், உயர் அழுத்த வாயுக் குழாய், கசிவு சென்ஸார், உயர் மின்னழுத்த ஒயரிங் ஆகியவற்றைத் தெரிந்த ஆள் தேவை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இன்றே இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், வண்டி எந்த ஊரில் ஓடினாலும் வேலை நம்ம பிள்ளைகளுக்கு வரும். தமிழ்நாட்டு வழித்தடம் பட்டியலில் இல்லையே என்பதைவிட இது அவசரமான கவலை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அடுத்த முறை ‘ஹைட்ரஜன் பஸ் வருகிறது’ என்று செய்தி வந்தால், கைதட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

1. ஹைட்ரஜன் எதிலிருந்து வருகிறது? இயற்கை எரிவாயுவிலிருந்தா, சோலார், காற்றாலைக் கரன்ட்டிலிருந்தா?

2. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? பங்க் கட்டும் செலவையும் சேர்த்துச் சொல்கிறார்களா?

3. ஸ்டாக் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிறது? மாற்ற எவ்வளவு ஆகும்?

4. அந்த வழித்தடத்தில் பேட்டரி பஸ் ஏன் போதாது?

நான்காவதற்குத் தெளிவான பதில் இருந்தால் அந்த வண்டி வரட்டும். துறைமுகத்து லாரிக்கு அந்தப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஊட்டி ரயிலுக்கும் கிடைக்கலாம். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகிற பஸ்ஸுக்கு, இன்றைய கணக்குப்படி, பேட்டரியே போதும்.